வாயைப் பொத்தின கை

ஆம்பூர் சபையார் எல்லாருக்கும், ரங்கூன் தோல் கிட்டங்கியில் தரம் பார்க்கும் சாலமோன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவு உங்கள் வீடுகளில் இருக்கட்டும். இதை மனதார முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குக் கீழே வருவது பெரும்பாலும் கோபம்.

1

நம் சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கடல் கடந்து போனவர்களின் கடிதம் வரும். நானும் மூன்று தரம் எழுதியிருக்கிறேன். ஆற்றில் போகும் படகுகள், இங்குள்ள தமிழ்க் கோவில், நாலு மாசம் விடாத மழை என்று எழுதினேன். நன்றாக இருந்தது என்று சிலர் சொல்லியனுப்பினீர்கள். அப்படி ஒரு கடிதம் இந்தத் தரம் என் கையில் வராது.

என் மனைவி எஸ்தரை நான் முதன்முதலாக இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் போன வியாழக்கிழமையோடு ஒரு வருஷம் ஆயிற்று. போன வியாழக்கிழமையும் கிட்டங்கியில் அரை நாள் லீவு கேட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் எனக்கு முன்னால் புடவை மாற்றித் தயாராக இருந்தாள். வாசலில் தபால்காரர் நின்றார். அண்ணனுடைய கடிதம்.

என் அண்ணன் என்றால் உங்களுக்கு மூப்பர் ஐயா. அவர் எழுதியதன் சாரம் இதுதான். எஸ்தர் இங்கே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியிடம் வாராவாரம் போய் வீட்டு விஷயங்களைப் பேசுகிறாள் என்று இங்கிருந்து ஊருக்கு வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். போதாததற்கு அங்கே புறஜாதியார் மாதிரி ஒப்பாரி வைத்தாள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு விஷயத்தை அந்நியரிடம் சொல்லலாமா, ஜெபம் போதாதா? இதெல்லாம் சபைக்கு அவமானம். ஆகையால் அவள் அறுப்புப் பண்டிகைக்கு ஊருக்கு வந்து, சபை முன்னால் நின்று, தன் அவிசுவாசத்தை அறிக்கைசெய்து மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் மறுபடியும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் இல்லை. அதுவரை எங்கள் மகள் கிருபையை ஊருக்கு அனுப்பிப் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது உத்தமம். தாயின் நிழல் அவள்மேல் படாமலிருக்கும்.

கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் ஒரு வியாழக்கிழமையைக்கூட விட்டதில்லை.

2

உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடியும் எழுதுகிறேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்த விதத்தில் எழுதப்போவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் சின்னவன் காய்ச்சலில் இறந்துபோனான். பதினோரு மாசம். அவனை நடு வீட்டில் கிடத்தியிருந்தோம். நீங்கள் பலபேர் வந்திருந்தீர்கள். பாட்டுப் பாடினோம், ஜெபம் செய்தோம். பெட்டியை மூடப்போகும்போது எஸ்தர் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஒரு ராகம் எடுத்தாள். ஒடுகத்தூர்ப் பக்கம் அவள் தாய் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக எடுத்த ராகம். "ரெண்டு பல்லு மொளச்சவனே" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான் வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய் சாலமோனு, சாட்சி கெட்டுப்போவுது, நிறுத்து" என்றார்.

நம் சபையில் ஒப்பாரி கிடையாது. அது நமக்கு ஒரு பெருமை. பக்கத்துத் தெருவில் சாவு விழுந்தால் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள், நம் தெருவில் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுப் பாடுவோம், அதைப் பார்த்து நாலு பேர் ஆண்டவரிடம் வருவார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆகையால் என் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். அதைச் சுருட்டி, பெற்றவளுடைய வாயைப் பொத்தினேன். அவள் திமிறவில்லை. என் கைக்குள்ளே அந்தப் பாட்டு நின்றது எனக்குத் தெரிந்தது. நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று சாயங்காலம் ஒருவர் என் கையைப் பிடித்து, "நல்ல சாட்சி, தம்பி" என்றார். எனக்கும் மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆண்டவரே, அதை இன்றைக்கு எழுதவே கை கூசுகிறது.

நான் ரங்கூனுக்குத் திரும்பிவிட்டேன். அவள் கொஞ்சங்கொஞ்சமாகச் சமையலை விட்டாள், தலைவாருவதை விட்டாள், தண்ணீர் எடுக்கப் போவதை விட்டாள். திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் வீடு வீடாக வந்து மனச்சமாதானத்தோடு இருக்கிறீர்களா என்று கேட்பார்கள் அல்லவா? மற்றவர்கள் எல்லாரும் "இருக்கிறோம் ஐயா" என்பார்கள். இவள் மட்டும் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "செத்துப்போலாம்னு தோணிக்கினே கீது மாமா" என்றாள். அதற்காக அவளைத் திருவிருந்திலிருந்து நீக்கினீர்கள்.

நம்மில் எத்தனை பேர் தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் கால் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். முதலில் மனந்திரும்பிவிட்டு வா, பிறகு மருந்து போடலாம் என்று யாராவது சொன்னார்களா?

3

அவளையும் கிருபையையும் நான் இங்கே அழைத்துவந்தேன். ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கிருபை தெருப் பிள்ளைகளிடம் பர்மாப் பேச்சும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசும் கற்றுக்கொண்டாள். வீட்டில் தமிழ் பேச அவளுக்கு ஆள் இல்லை. அம்மா பேசமாட்டாள், நான் கிட்டங்கியிலிருந்து வருவதற்குள் இருட்டிவிடும். ஒருநாள் மத்தியானம் குடையை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. எஸ்தர் அதன் முன்னால் விறகைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் போகும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டு வரிசையிலே சுகந்தம் என்று ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறாள். காவேரிப்பாக்கத்துப் பெண்; இங்குள்ள நம் வேதக்கோவிலுக்குத்தான் வருகிறாள். அவள் சொன்னாள்: "எங்க ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா வந்துகீறாங்க அண்ணே. மருந்து கம்மி, பேச்சுதான் ஜாஸ்தி. ஒக்கார வச்சிப் பேசவிட்டுக் கேப்பாங்க. அதுலயே கொஞ்சம் கொஞ்சமா தெளியறாங்க. நான் கூட இருந்து தமிழ் சொல்றேன்."

"என் பொஞ்சாதிக்கு நான் இருக்கறப்ப நீ எதுக்கும்மா?" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குமாஸ்தா. அவர் கையில் அச்சடித்த ஒரு பாரம். பெயர், புருஷன் பெயர், ஜாதி, எந்தக் கப்பலில் வந்தது. அதற்குக் கீழே நோயின் வகை.

"கத்துவாளா?" என்றார்.

"இல்லை."

"அடிப்பாளா? துணியைக் கிழிப்பாளா?"

"இல்லை."

"பின்னே எதுக்குக் கூட்டிவந்தே?"

சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தப் பாரத்தில் இடமே இல்லை. கடைசியில் பைத்தியம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு துறைமுகத்துக்குப் போனால் அவளைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பிவிடலாம் என்று வேறு சொன்னார். சுகந்தம்தான் சண்டை பிடித்து வேறு பாரம் வாங்கித் தந்தாள்.

உள்ளே டாக்டரம்மா மூன்று நாற்காலி போட்டிருந்தார். என்னைப் பார்த்து, இவளுக்கு என்ன என்று கேட்டார். எனக்கு இங்கிலீசு என்றால் கிட்டங்கி இங்கிலீசுதான். தோலை விரித்து, தடவிப் பார்த்து, கூவுகிற வார்த்தைகள். அதில்தான் சொன்னேன். "டேமேஜ்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

நாலு வியாழக்கிழமை நான்தான் பேசினேன். டாக்டரம்மா எஸ்தரைப் பார்த்துக் கேட்பார். அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நானே பதில் சொல்லிவிடுவேன். தூக்கம் வருகிறதா? நன்றாகத் தூங்குகிறாள். அழுகிறாளா? இல்லை அம்மா, அவள் விசுவாசமுள்ளவள். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? இறந்த பிள்ளையைத்தான்.

இதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நம் வீடுகளில் குடும்ப ஜெபம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரன் வாய்திறந்து, மனைவிக்கு இன்ன பாரம், பிள்ளைக்கு இன்ன குறை என்று எல்லாருக்காகவும் ஆண்டவரிடம் சொல்லுகிறான். மற்றவர்கள் ஆமென் என்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக எஸ்தருடைய பாரங்களை நான்தான் ஆண்டவரிடம் சொல்லிவந்தேன். ஒருநாளாவது அவளிடம் கேட்டுவிட்டுச் சொன்னேனா என்றால், இல்லை. ஆண்டவரிடமே அவளுக்காகப் பேசினவன் ஒரு டாக்டரிடம் பேசமாட்டேனா?

கிருபைகூட ஒருநாள் கேட்டாள். "பள்ளிக்கூடத்துல டீச்சர் என்னைக் கேட்டா நான்தானே பதில் சொல்றேன். அம்மாவைக் கேட்டா நீங்க எதுக்குப்பா சொல்றீங்க?" வாயைமூடு என்றேன். எங்கள் வீட்டில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

4

ஐந்தாவது வியாழக்கிழமை சுகந்தம் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றாள். டாக்டரம்மா ஏதோ கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எஸ்தரிடம் குனிந்து, "ராத்திரில தூக்கம் வருதாம்மா ஒனக்கு?" என்றாள்.

"ரெண்டு வருசமா இல்லக்கா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே பாயில் படுக்கிறவன். எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். சுகந்தம் அதைத் தமிழில் சொல்லச் சங்கடப்பட்டாள். பிறகு சொன்னாள். "நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க அண்ணே. இனிமே எப்பவும் வெளியதான்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. தாலி கட்டினவனை வெளியே தள்ளிவிட்டு உள்ளே என்ன பேச்சு? என்னைப் பற்றித்தான் சொல்லுவாள், அண்ணனைப் பற்றிச் சொல்லுவாள், நம் சபையைப் பற்றிச் சொல்லுவாள் என்று பெஞ்சியில் உட்கார்ந்து கொதித்தேன். திரும்பி வரும் வழியில், "இன்னா சொன்னே?" என்று கேட்டேன். "அது வெளிய சொல்றது இல்லையாம். அவங்களும் சொல்லமாட்டாங்களாம், நானும் சொல்ல வேணாமாம்" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் திட்டாமல் விட்டேன்.

ஒன்பதாவது தரமோ பத்தாவது தரமோ, பள்ளிக்கூடம் லீவு என்று கிருபையும் என்னோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த ராகம் வந்தது. ரெண்டு பல்லு மொளச்சவனே. என் துண்டு நிறுத்திய அதே இடத்தைத் தாண்டிப் போயிற்று. அதற்கு அடுத்த அடி உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. அவனுடைய தொட்டில், அரைஞாண், அவன் வலது காலைமட்டும் இழுத்துத் தவழ்ந்தது எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தன. நான் மறந்தே போயிருந்தேன்.

தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றார்கள். குமாஸ்தா ஓடிவந்தார். நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்லுகிறேன், என் கை துண்டைத் தேடிற்று.

"அப்பா, அம்மா பாட்டு பாட்றாங்களா?" என்றாள் கிருபை.

நான் கதவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து யாரும் அவளை நிறுத்தவில்லை. படித்த டாக்டர், அந்த ராகம் இன்னதென்று தெரியாதவர், ஒரு சொல்கூடப் புரியாதவர், அவர் நிறுத்தவில்லை. நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, குமாஸ்தாவைப் போகச் சொன்னேன்.

5

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த வாரம் அவள் படுக்கையைவிட்டே எழவில்லை. அழுகை ஆகாது என்று அண்ணன் சொன்னது சரிதானோ என்று நான் பயந்தேன். டாக்டரம்மா பயப்படவில்லை. படுத்திருந்தாலும் அந்த நேரத்துக்கு வரட்டும் என்று சொல்லியனுப்பினார். சுகந்தம் வந்து தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

அந்த அறையில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லுகிறேன். மந்திரம் கிடையாது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே நாற்காலி. சொன்னதைக் கேட்பார்கள். இப்படி நினைக்கலாமா என்று அதட்டமாட்டார்கள். பிறகு கேள்வி கேட்பார்கள். "நான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவ" என்று எஸ்தர் சொன்னாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். யார் சொன்னது அப்படி என்று கேட்டார்களாம். யோசித்துப் பார்த்ததில் அது அவளுடைய பேச்சே இல்லையாம். யார் யார் சொன்னது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்தனுப்புவார்கள். முதல் வாரம் தலை வாரவேண்டும். அவ்வளவுதான். சமைக்கவேண்டாம், பெருக்கவேண்டாம். அடுத்து கிருபையோடு தெருமுனை வரை நடக்கவேண்டும். சாகத் தோன்றினால் ஒளிக்காமல் சுகந்தத்திடம் சொல்லவேண்டும், அது எந்த நேரமானாலும் சரி. நம் ஊரில் எந்த வார்த்தையைச் சொன்னதற்கு அவளைத் தள்ளினார்களோ, அதே வார்த்தையை இங்கே சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது குறைந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது.

மழை முடிந்த சமயம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உப்பு ஜாஸ்தி. கிருபை முகத்தைச் சுளித்தாள். "வாய்க்கு வெளங்கலன்னா போய் அந்த பர்மாக்காரிங்க ஊட்லயே துன்னு" என்றாள் எஸ்தர். கிருபை சிரித்தாள். நான் தட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் கெட்ட நாட்கள் வருகின்றன. மாசத்தில் நாலு, ஐந்து. முன்னே முப்பதும் அதுதான்.

6

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு இப்போது பதில் சொல்லுகிறேன். சபையார் முன்னாலேயே சொல்லுகிறேன்.

வீட்டு விஷயத்தை அந்நியரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கவேண்டும்? என்னிடமா? நான் வாயைப் பொத்தினேன். உங்களிடமா? உங்களிடம் சொன்னாள். நீங்கள் தண்டித்தீர்கள்.

ஜெபம் போதாதா என்று கேட்டீர்கள். நான் ஒருநாளும் ஜெபத்தை விட்டவன் அல்ல, இனியும் விடமாட்டேன். ஆண்டவர் கேட்டார் என்றும் நம்புகிறேன். கேட்டு, காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு நர்ஸையும் கடல் தாண்டி ஒரு டாக்டரையும் எங்கள் தெருவுக்கு அனுப்பினார். வந்த உதவியை அவருடையதில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

கிருபையை அனுப்பமாட்டேன். அவளுடைய தமிழ் தேய்கிறது என்பது உண்மை. குடும்ப ஜெபத்தில் இங்கிலீசில் ஜெபிக்கிறாள். ஆனால் தன் ஜெபத்தைத் தானே செய்கிறாள். அதை அவளிடமிருந்து பிடுங்கி உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

சபையாரே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீடுகளிலும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பெயர்கூடத் தெரியும், எழுதமாட்டேன். பெண்கள் மட்டுமில்லை. ஷெட்டில் தோலைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்காக நிற்கிற ஒருவரை நீங்கள் சோம்பேறி என்று கேலி பேசுகிறீர்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட டாக்டர் இல்லை என்பீர்கள். சரி, ஒரு நாற்காலி இருக்கிறது, ஒரு மணி நேரம் இருக்கிறது. உட்கார்ந்து கேளுங்கள். அதட்டாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், வெளியே போய்ச் சொல்லாதீர்கள். சாவு பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள், அங்கே அவர்களையே பேசவிடுங்கள். டாக்டர் செய்கிறதில் கால் பங்குகூட அது ஆகாது. ஆனால் நாம் இதுவரை செய்ததைவிட மேல்.

7

இவ்வளவையும் எழுதி முடித்து எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சரி என்றால்தான் தபாலில் போடுவது என்று இருந்தேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"உப்பு ஜாஸ்தின்னு ஏன் எழுதினீங்க?"

"அந்த வரிய அடிச்சிடட்டா?"

"இருக்கட்டும். உண்மதானே." பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "மாமா மன்னிப்பு கேக்கச் சொல்லிகீறாரு இல்ல?" என்றாள்.

"ஆமா. நீ கேக்க வேணாம்."

"நான் கேக்கப்போறதில்ல. நீங்க கேளுங்க. அவங்க எல்லாரும் பாத்துக்கினுதானே இருந்தாங்க? அவங்க முன்னாடியே கேளுங்க."

"ஒங்கிட்டயா?"

"பின்ன யாராண்ட?"

ஆகையால் அறுப்புப் பண்டிகைக்கு வருகிறோம். மூப்பர் ஐயா கேட்டபடி சபை முன்னால் ஒரு அறிக்கை நடக்கும். நிற்கப்போகிறவன் நான். அவள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கேட்பாள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம். அதை அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால், ரயிலைவிட்டு இறங்கினதும், அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்கிறாள். முடியை அவிழ்த்துவிட்டு முழுப் பாட்டையும் அங்கே பாடுவாள். கொஞ்சம் நீளமான பாட்டு. சத்தம் உங்கள் தெருவரைக்கும் கேட்கும். நிறுத்தலாம் என்று யாராவது வருவதாக இருந்தால் வாருங்கள். தோட்டத்து வாசலில் கதவுக்கு முதுகைக் கொடுத்து நான் நிற்பேன்.